மேலே அரிசி மழை, கீழே அரிசிக்குக் காவல்
பேராக்கின் வான்வழி – பகுதி 6

கமுந்திங் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தடுப்புக் காவல் முகாம். 2007 டிசம்பரில் மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவர் அங்கே கொண்டுபோகப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக்கூட அந்தப் பெயர் பழகிவிட்டது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர்ப் பெயர் வேறு கூட்டத்தாரின் வாயில் அடிபட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, கூர்க்கா சிப்பாய்கள் அவர்கள். அவர்களுக்குக் கமுந்திங் என்றால் ராணுவ மருத்துவமனை. காட்டில் குண்டடி பட்டவனும் காய்ச்சலில் விழுந்தவனும் வந்து சேரும் இடம். பிழைக்காமல் போனவர்களில் பலர் தைப்பிங்கில் கமுந்திங் சாலைக் கிறிஸ்தவக் கல்லறையில் கிடக்கிறார்கள்.

இந்தச் சிப்பாய்களுக்குச் சோறு போட்டது யார்? ஒருவன் வாரக்கணக்கில் காட்டுக்குள் இருந்தான் என்று படைப் பிரிவுகளின் வரலாறுகள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகின்றன. வாரக்கணக்கில் இருந்தவன் எதைத் தின்றான் என்பதுதான் இந்தப் பகுதியின் கதை. அதில் முக்கியப் பாத்திரம் பிரிட்டிஷ் விமானப்படையின் 52-ஆம் ஸ்குவாட்ரன்.

சென்ற பகுதியில் 1941 டிசம்பரில் தைப்பிங் ஓடுதளத்தைப் பார்த்தோம். அலோர் ஸ்டாரையும் பட்டர்வொர்த்தையும் ஜப்பானிய விமானங்கள் நொறுக்கியபின் 27, 62-ஆம் ஸ்குவாட்ரன்களின் மிச்சம் மீதி அங்கே வந்து ஒதுங்கியது. சில நாள்களில் அதுவும் தெற்கே ஓடியது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பேராக்கின் வானம் ஜப்பானியருடையது. அந்த இருட்டுக் காலத்தின் கடைசியில்தான் நம் கதைக்கு ஒரு முன்கதை இருக்கிறது.

1945 தொடக்கத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் லிபரேட்டர் விமானங்கள் வங்காள விரிகுடாவைத் தாண்டி மலாயாக் காடுகளுக்கு வரத் தொடங்கின. அந்த வேலையைச் செய்த பிரிவுகளில் ஒன்று 160-ஆம் ஸ்குவாட்ரன். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இருந்த இந்தப் படை, பிறகு மின்னேரியாவுக்கு இடம் மாறியிருந்தது. போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு முழு நாள் பறக்க வேண்டும்; நடுவில் இறங்க ஓர் இடமும் கிடையாது. அவை கொண்டுவந்து போட்டவை துப்பாக்கி, தோட்டா, மருந்து, வானொலிக் கருவி, சில அதிகாரிகள். பேராக் காட்டில் ஜான் டேவிஸ் தலைமையில் ஒளிந்திருந்த பிரிட்டிஷ் ரகசியப் பிரிவான படை 136-க்கும், அதனோடு கைகோத்திருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கும் அவை போய்ச் சேர்ந்தன. அந்த எதிர்ப்புப் படையை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். டேவிஸுக்கும் அவர்களுக்கும் இடையே தொடர்பாளராக ஓடித் திரிந்த இளைஞர் சித்தியவானில் பிறந்த சின் பெங்.

வானத்திலிருந்து குடை விரித்து இறங்கும் பெட்டி காட்டுக்குள் இருப்பவனுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று பேராக் கெரில்லாக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிரிட்டிஷ்காரனே கற்றுக் கொடுத்திருந்தான். மூன்றே ஆண்டுகளில் அதே காடு, அதே பிரிட்டிஷ் விமானப்படை. பெட்டியைப் பெறுகிறவன் மட்டும் மாறிவிட்டான்.

1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் மலாயா முழுதுக்கும் விரிந்தது. அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாகத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் கைதும் மாறி மாறி நடந்துகொண்டிருந்ததையும், தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டதையும் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. அது தனித் தொடருக்கு உரியது. நமக்கு வேண்டியது ஒன்றுதான். போர் பால்மரக் காட்டின் ஓரத்தில் தொடங்கிப் பெருங்காட்டுக்குள் போய்விட்டது. அங்கே சாலை இல்லை. லாரி போகாது. கழுதையோ கோவேறு கழுதையோ கூட நடக்க முடியாத ஈரமும் சரிவும்.

ஒரு சிப்பாய் தன் முதுகில் சுமக்கக்கூடிய உணவு நான்கைந்து நாளைக்கு வரும். இரண்டு நாள் உள்ளே நடந்தால், இரண்டு நாள் வெளியே நடக்க வேண்டும். தேட நேரம் எங்கே? 1948-49-ல் பல ரோந்துகள் காட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதற்குக் கோழைத்தனத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம்.

கணக்கை மாற்றியவை சிங்கப்பூர்ச் சாங்கியில் இருந்த போக்குவரத்து விமானங்கள். 48, 52, 110 என்று மூன்று பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள். அவை முறைவைத்துக் கோலாலம்பூர் சுங்கை பீசிக்கு ஒரு பிரிவை அனுப்பி வைத்தன. 1949-லிருந்து நியூசிலாந்தின் 41-ஆம் ஸ்குவாட்ரன் டகோட்டாக்களும், 1950 முதல் 1952 முடிய ஆஸ்திரேலியாவின் 38-ஆம் ஸ்குவாட்ரன் டகோட்டாக்களும் துணைக்கு வந்தன.

52-ஐ நான் தனியாக எடுப்பதற்குக் காரணம் அதன் பூர்வீகம். முதல் உலகப் போரில் பிரான்ஸில் பறந்த பெயர் அது. பிறகு கலைக்கப்பட்டு, எழுப்பப்பட்டு, மறுபடி கலைக்கப்பட்டது. நமக்குத் தெரிந்த 52 பிறந்தது 1944 ஜூலையில், கல்கத்தாவின் டம்டம் தளத்தில். இமயமலையின் கிழக்கு முனையைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குத் தபாலும் ஆளும் ஏற்றிச் சென்ற டகோட்டாப் பிரிவு அது. போர் முடிந்ததும் ரங்கூன் மிங்கலாடான், அதற்கடுத்துச் சாங்கி. மலையும் மேகமும் வரைபடத்தில் இல்லாத பள்ளத்தாக்கும் அதற்குப் பழக்கம். மலாயாவின் அவசரகாலம் முழுவதையும் கண்ட பிரிவு அது. 48 வேறு பெரிய விமானங்களுக்கு மாறியது, 110 கலைக்கப்பட்டு ஹெலிகாப்டர்ப் படையாக மறுபிறவி எடுத்தது, 52 மட்டும் கடைசிவரை மூட்டை தள்ளிக்கொண்டே இருந்தது.

வேலை எப்படி நடந்தது? உள்ளே இருக்கும் ரோந்து, வானொலியில் தன் தேவையைச் சொல்லும்: இத்தனை பேருக்கு, இத்தனை நாளைக்கு, இன்ன வகை உணவு, காலணி இத்தனை ஜோடி, பாட்டரி, மருந்து. சுங்கை பீசியில் ராணுவச் சேவைப் படையின் 55-ஆம் வான்வழி அனுப்புகைக் கம்பெனி அதை மூட்டைகளாகக் கட்டும். கூர்க்காவுக்கு அரிசி, பருப்பு, நெய்; மலாய்ப் படைக்கு ஹலால்; வெள்ளையனுக்கு டின்கள். தபாலும் போகும்.

விடிந்ததும் புறப்பட வேண்டும். பேராக்கின் பள்ளத்தாக்குகளில் காலைப் பனி விலகுவதற்கும், மதியத்துக்கு முன் மேகம் திரண்டு மலைமுகட்டை மூடுவதற்கும் நடுவில் கிடைக்கும் சில மணி நேரமே விமானிக்குச் சொந்தம். கீழே ரோந்துக்காரர்கள் கோடாரியாலும் வெடியாலும் மரங்களைச் சாய்த்து ஒரு துண்டு வெளி உண்டாக்கி வைத்திருப்பார்கள். ஐம்பது அறுபது மீட்டர் உயர மரங்களுக்கு நடுவே அந்த வெளி மேலிருந்து எளிதில் கண்ணுக்கு அகப்படாது. புகை விடுவார்கள், சில சமயம் மரமுடிக்கு மேலே ஹைட்ரஜன் பலூனைக் கயிறு கட்டிப் பறக்கவிடுவார்கள். விமானம் மலைகளுக்கு நடுவே தாழ்ந்து சுற்றி வரும். விமானி விளக்கைப் போட்டதும், திறந்த பக்கவாட்டுக் கதவருகே நிற்கும் 55-ஆம் கம்பெனி ஆள்கள் இரண்டு மூன்று மூட்டைகளை உதைத்துத் தள்ளுவார்கள். வெளி சிறியது என்பதால் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் போட முடியாது. மறுபடி சுற்று, மறுபடி தாழ்வு. ஒரு ரோந்துக்கு உணவு போட எட்டுப் பத்துத் தடவை மலையை உரசிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

1951-லிருந்து டகோட்டாவுக்குப் பதிலாக வேலெட்டா வந்தது. தரையில் நிற்கும்போது புதிய, பலமான விமானம். பறந்தவர்கள் பலர் டகோட்டாவையே விரும்பினார்கள். தாழ்வாக, மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுவதில் அந்தப் பழைய விமானத்தை வெல்ல ஆளில்லை.

இந்த வேலையில் எதிரியின் துப்பாக்கியைவிட மலையே அதிகம் பேரைக் கொன்றது. 1956 டிசம்பர் 10-ல் நியூசிலாந்து 41-ஆம் ஸ்குவாட்ரனின் பிரிஸ்டல் பிரைட்டர் ஒன்று கேமரன் மலையில் உணவு போடும்போது மோதி நொறுங்கியது. விமானிகளும் மூட்டை தள்ளிய ராணுவத்தாரும் மாண்டார்கள்; பிழைத்தவர் ஒரே ஒருவர். காணாமல் போனால் எவ்வளவு காலம் காணாமல் போகலாம் என்பதற்கு ஒரு டகோட்டா சாட்சி. 1950 ஆகஸ்டில் கிளந்தான் காட்டில் 12 பேருடன் விழுந்த அதில் இருந்தவர்களின் எச்சங்களை வெளியே கொண்டுவர 2008 ஆயிற்று. 2012-ல்தான் கோலாலம்பூர்ச் செராஸ் சாலைக் கல்லறையில் முறையாக அடக்கம் நடந்தது.

மூட்டை மட்டுமல்ல, ஆளும் விழுந்தான். 1952 பிப்ரவரியில் மேல் பேராக்கின் பெலும் பள்ளத்தாக்கில், தாய்லாந்து எல்லைக்கு அருகே, பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். படையினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் குதித்தார்கள். இலக்கு வெளிகள் குறுகல். பலர் மரங்களில் மாட்டினார்கள். ஆனால் பெரிய காயம் இல்லை. மேலதிகாரிகள் இதிலிருந்து எடுத்த முடிவுதான் விசித்திரம்: மரத்தில் மாட்டுவதையே முறையாக்கிவிடலாம்! கிளையில் தொங்கி, இடுப்பிலிருக்கும் கயிற்றை அவிழ்த்து, அதில் வழுக்கி இறங்க வேண்டும். 1954 ஜூலையில் ஈப்போவுக்குக் கிழக்கே உள்ள பள்ளத்தாக்குகளில் நடந்த டெர்மைட் நடவடிக்கையில் 150-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி இறக்கப்பட்டார்கள். எலும்பு முறிவுகளும் சில சாவுகளும் சேர்ந்து பிற்பாடு அந்த யோசனையைக் கைவிட வைத்தன.

காயம்பட்டவனை வெளியே கொண்டுவருவது உணவு போடுவதைவிடச் சிரமம். ஒருவனைத் தூக்க நாலு பேர், வழி வெட்ட நாலு பேர், காவலுக்கு மீதி. ஒரு குண்டடிக்காக ஒரு பிளாட்டூனே நாள்கணக்கில் போரிலிருந்து விலகியது. 1950-ல் சிங்கப்பூர்ச் செலேத்தாரில் மூன்று டிராகன்பிளை ஹெலிகாப்டர்களோடு ஒரு சிறு பிரிவு இதற்கென்றே தொடங்கியது. 1953 பிப்ரவரியில் அது 194-ஆம் ஸ்குவாட்ரனாக வளர்ந்தது. அதற்கு முந்தைய மாதம் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் ஸ்குவாட்ரன் பத்து சிக்கோர்ஸ்கி எஸ்-55 ஹெலிகாப்டர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. நம் ஊர் வெப்பத்தில் காற்றுக்கு அடர்த்தி குறைவு. சுழலிக்குப் பிடிப்பு போதாது. முழுச் சுமையோடு ஐந்தாறு சிப்பாய்களைத்தான் தூக்கியது. அப்படியும், நாள்கணக்கில் நடக்க வேண்டிய தூரத்தை அது நிமிடக்கணக்கில் கடந்தது. வட பேராக்கில் காயம்படுகிறவனுக்குக் கமுந்திங் மருத்துவமனைக் கட்டில் எட்டுகிற தூரத்துக்கு வந்தது இப்படித்தான்.

1953-க்குப் பிறகு வான்வழிக்கு இன்னொரு வாடிக்கையாளர். மலைநாட்டில் தெமியார் முதலிய ஒராங் அஸ்லி மக்களைக் கெரில்லாக்களிடமிருந்து பிரிக்க, அரசு காட்டுக்கோட்டைகளைக் கட்டியது. பேராக்கில் கெமார், தாப்போங், லெகாப். பெயருக்குத்தான் கோட்டை; முள்கம்பி, மண்சுவர், போலீஸ்காரர்கள், ஒரு மருந்தகம், ஒரு கடை. பால்மாவிலிருந்து ஆணி வரை எல்லாம் வானத்திலிருந்து. 1954-ல் வந்த ஒற்றை எஞ்சின் பயனியர் விமானத்துக்கு இறங்க இரண்டு கால்பந்துத் திடல் நீளம் கிடைத்தால் போதும் என்பதால், சில கோட்டைகளுக்கு மூட்டை எறிவது நின்று, இறக்கி வைப்பது தொடங்கியது.

இனி, கீழே.

படை வரலாறுகள் வான்வழி வழங்கலைத் தனி அத்தியாயமாகவும், கெரில்லாக்களுக்குச் சோறு போய்ச் சேராமல் தடுத்த உணவு மறுப்பைத் தனி அத்தியாயமாகவும் எழுதுகின்றன. பேராக்கின் தோட்ட லயத்தில் இருந்தவருக்கு இரண்டும் ஒரே நாளின் இரண்டு பாதி. 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரச் சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்தது நாம் அறிந்தது. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டு முள்கம்பி சூழ்ந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. காலையில் மரம் சீவப் போகிறவர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. வாசலில் சோதனை. பால்வாளியில் இரட்டை அடி இருக்கிறதா, மிதிவண்டிக் குழாயில் அரிசி நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்ததும் உண்டு. பெண்களுக்கும் சோதனைதான். விடியலில் பெரட்டுக்குப் போனவர் பால் எடுத்து முடித்துத் திரும்பும்வரை வெறும் வயிறு. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே துளை போட்டுக் கொடுப்பார், காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாதபடி.

சில நடவடிக்கைகளில் அதற்கும் மேலே போனார்கள். வீட்டில் பச்சரிசியோ புழுங்கலோ ஒரு பிடிகூட இருக்கக் கூடாது. பொதுச் சமையலறையில் வடித்த சோற்றைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வெயிலில் சோறு மறுநாளே புளித்துவிடும்; காட்டுக்குப் போனாலும் நிற்காது. கொடுமையான யோசனை, ஆனால் பலித்தது. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கி 12 பேரைக் கொன்றதற்கு உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊருக்குக் கொடுத்த தண்டனையும் அரிசியில்தான் கை வைத்தது: 22 மணி நேர ஊரடங்கு, குறைத்த பங்கீடு.

1958 ஜனவரியில் மத்திய பேராக்கில் தொடங்கிய ஜிஞ்சர் நடவடிக்கையில் இரண்டு பாதியும் முழு அளவில் சேர்ந்தன. சுங்கை சிப்புட், ஈப்போ, கோலகங்சார் வட்டாரங்களில் ஓராண்டுக்கு மேல் நடந்த இதில் 28-ஆம் காமன்வெல்த் பிரிகேடின் ஆள்களும் இருந்தார்கள். கெரில்லா காட்டைவிட்டு உணவு தேடி ஓரத்துக்கு வருவான், அவன் வரும்வரை சிப்பாய் காட்டுக்குள் காத்திருப்பான் என்பதே திட்டம். சிப்பாய் காத்திருக்க முடிந்தது, அவனுக்குப் பசி இல்லாததால். அந்தப் பசியில்லாமையைச் சுமந்து வந்தது வேலெட்டா.

குண்டு போட்ட லிங்கன் விமானங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்; படம் எடுக்க அவை அழகு. ஆயிரக்கணக்கான டன் குண்டுகள் காட்டில் விழுந்தன, மரங்கள்தான் பெரும்பாலும் செத்தன. மலாயாவின் வான்போரை வென்றது மூட்டை தள்ளியவன் என்பது என் கட்சி. பெருமையாகச் சொல்லவில்லை. அவன் தள்ளிய மூட்டையும் லயத்து வாசலில் பறித்த சோற்றுப் பொட்டலமும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இன்னொன்றையும் இதே ரக விமானங்கள் போட்டன: காகிதம். கோடிக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள், சரணடைகிறவருக்குப் பாதுகாப்பு அனுமதிச் சீட்டுகள். அவற்றில் தமிழிலும் அச்சாகியிருந்தது. காட்டுக்குள்ளும் தமிழர் சிலர் இருந்தார்கள் என்பதற்கு அரசே எழுதிக் கொடுத்த சான்று. ஒலிபெருக்கி கட்டிய குரல் விமானங்கள் மரமுடிக்கு மேலே பேசிக்கொண்டே போயின. வேலெட்டாவின் இரைச்சலில் பேச்சு புரியாததால் மறுபடி டகோட்டாக்களையே கொண்டுவந்து, ஃபெய்த், ஹோப், சாரிட்டி என்று பெயர் வைத்தார்கள். அன்பையும் நம்பிக்கையையும் வானத்திலிருந்து கத்திச் சொல்வதில் இருக்கும் நகைச்சுவை அந்தப் பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. 52-ஆம் ஸ்குவாட்ரன் அந்த ஆண்டில் பட்டர்வொர்த்துக்கு வந்தது. காட்டுக்கோட்டைகளுக்கும், பிறகு போர்னியோ எல்லைக்கும் சுமை ஏற்றிவிட்டு, 1966-ல் வேலெட்டாக்களோடு கலைந்தது. அதே பெயரில் செலேத்தாரில் ஆண்டோவர் விமானங்களோடு மறுபடி எழுந்த ஸ்குவாட்ரனும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. 2018-ல் நியூசிலாந்து தன் வீரர்களின் உடல்களைக் கல்லறைகளிலிருந்து எடுத்து ஊருக்குக் கொண்டுபோயிற்று. கமுந்திங் சாலையிலும் சில குழிகள் காலியாயின.

வேலை மட்டும் நிற்கவில்லை. 1958 ஜூனில் பிறந்த நம் நாட்டு விமானப்படையின் முதல் விமானம் போர் விமானம் அல்ல. சிறு ஓடுதளத்தில் இறங்கும் இரட்டை எஞ்சின் பயனியர். பிரதமர் துங்கு அதற்கு லாங் ராஜாவாலி என்று பெயரிட்டார். புதிய படைக்கு முதலில் எது தேவை என்று பத்தாண்டுக் காட்டுப்போர் சொல்லிக் கொடுத்திருந்தது. தாய்லாந்துப் பக்கம் ஒதுங்கியிருந்த கெரில்லாக்கள் 1968-ல் எல்லை தாண்டித் திரும்ப வந்தபோது, அவர்களுக்கு எதிரே காட்டுக்குள் நின்ற மலேசியச் சிப்பாய்க்குச் சோறும் தோட்டாவும் கொண்டுபோன ஹெலிகாப்டர் நூரி. 1976 ஏப்ரலில் கெடாவின் குபிரில் அவற்றில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த பகுதி அங்கே தொடங்கும்.